எழுதிக்கொண்டு போனவர்கள்

ஏழாம் வகுப்பு, அறிவியல் பாடம். "ஆராய்ச்சி என்றால் என்ன?" என்று கேட்டோம். நாம் எதிர்பார்த்த விடை பாடநூலில் இருந்தது. உற்றுநோக்கல், ஐயுறல், சோதித்தல், முடிவு காணல் என்று முன்வரிசை மாணவர் இருவர் அதனை வரி பிசகாமல் ஒப்புவித்தனர். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சிறுமி தயங்கி எழுந்தாள்.

"வீட்டுக்கு வந்து கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டுப் போவாங்க சார். அதான் ஆராய்ச்சி."

வகுப்பு சிரித்தது. நாமுந்தான் சிரித்தோம். "சரி, பிறகு?" என்றோம்.

"பிறகு வரமாட்டாங்க."

அவள் உட்கார்ந்துவிட்டாள். பாடம் நடந்தது. மணி அடித்தது. ஆனால் அந்தச் சொல் மட்டும் நம்மை விட்டு அகலவில்லை. தந்தை இராணிப்பேட்டை டேனரிக்குப் போகிறவர். தாய் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர். யாரோ வந்தார்கள், ஏதோ கேட்டார்கள், தாய் கையெழுத்திட்டார். வந்தவர் எந்தக் கல்லூரியினர், எந்த அலுவலகத்தினர், தாளில் எழுதியிருந்தது என்ன என்பதைத் தாயும் அறியார், மகளும் அறியாள். குறை கூறவில்லை அந்தச் சிறுமி, கண்டதைச் சொன்னாள். உற்றுநோக்கல் என்று நாம் சொல்லிக்கொடுத்தோமே, அதைத்தான் செய்தாள்!

நாம் வாழும் சத்துவாச்சாரி, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த இடம். 2011ஆம் ஆண்டு முதல் வேலூர் மாநகராட்சியின் ஒரு பகுதி. இந்நகரைச் சுற்றி அறிவுக் கூடங்களுக்குப் பஞ்சமில்லை. காட்பாடியில் ஒரு பெரும் பல்கலைக்கழகம். 2002ஆம் ஆண்டில் தோன்றிய திருவள்ளுவர் பல்கலைக்கழகம். இவை எல்லாவற்றிற்கும் மூத்ததாக, உலகெங்கும் பெயர் பரவிய கிறித்துவ மருத்துவக் கல்லூரி. 'சி.எம்.சி.' என்று சொன்னால் வங்காளத்துக் கிராமத்துக் கிழவனுக்கும் தெரியும். இத்தகைய நகரத்தில், நம் வகுப்புச் சிறுமிக்கு ஆராய்ச்சி என்பது எழுதிக்கொண்டு போகிறவர்களின் முதுகாக மட்டும் தெரிவானேன்? இதுவே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி. மக்களிடமிருந்து பெற்ற அறிவுக்கு, அறிவுக்கூடம் அம்மக்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது?

வேலூரின் வரலாறே இதற்கு உரைகல். திண்டிவனத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் இரவு, பார்ப்பனர் ஒருவர், முசுலீம் ஒருவர், வேறு சாதி இந்து ஒருவர் என மூவர் ஒருவர்பின் ஒருவராக மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டினர் என்று ஐடா ஸ்கடரின் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. மூவரின் மனைவியரும் பேறுகாலத்தில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர்; உடனே வரத் தயார். ஆனால் அவர் ஆண்! அந்நிய ஆண் தொடுவதைவிட மனைவி மடிவது மேல் என்று மூவரும் திரும்பினர். விடியுமுன் மூன்று உயிர்களும் போயின. சாதியில் வேறுபட்டார்கள், மதத்தில் வேறுபட்டார்கள்; பெண்ணைச் சாகவிடுவதில் மட்டும் ஒன்றுபட்டார்கள். அந்த இரவுக்குப்பின் மருத்துவம் கற்கச் சென்ற ஐடா, 1900ஆம் ஆண்டு வேலூரில் பணி தொடங்கினார். 1918ஆம் ஆண்டு பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி கண்டார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வாரந்தோறும் நோயாளிகளைப் பார்த்தார். மதப்பரப்புச் சங்கத்தின் பணத்தில் வந்த வேலை என்பதை மறைக்கவேண்டியதில்லை. மதத்தின் மீது நமக்குள்ள கருத்தும் மாறவில்லை. எனினும் பிரசவ அறைக்குள் ஒரு பெண் மருத்துவரை அனுப்பியது எது என்று கேட்டால், மந்திரமன்று, படிப்பு என்றுதான் எவரும் சொல்ல முடியும்.

பின்னர் வந்தார் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946ஆம் ஆண்டு வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோய் விரல்களை அரித்துத் தின்றுவிடுகிறது என்பது அன்றைய உலகின் நம்பிக்கை. முன்வினை என்றனர் நம் ஊர்ப் பண்டிதர்; நோயின் இயல்பு என்றனர் அயல்நாட்டு மருத்துவர். இரண்டும் பார்க்காமல் சொன்ன சொற்கள். பிராண்ட் பார்த்தார். நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது, உணர்ச்சி போகிறது, சுடும் பாத்திரத்தை எடுத்தாலும் கை அறியாது, ஆணி குத்தினாலும் கால் அறியாது, அந்தப் புண்கள்தான் விரலைப் போக்குகின்றன என்று கண்டார். அப்படியும் ஒரு புதிர். இரவு படுக்கும்போது முழுமையாக இருந்த விரல், காலையில் குறைந்திருந்தது. இரவில் விழித்திருந்து பார்த்தபோது புதிர் அவிழ்ந்தது. எலி! உணர்வற்ற விரலை எலி கடித்தது, உறங்கியவர் அறியவில்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிக்கு ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார்களாம். ஆயிரம் ஆண்டுச் சாபத்தை ஒரு பூனை தீர்த்துவைத்தது! நம் இளைஞர்கள் மேடைதோறும் சொல்லத்தக்க செய்தி இது.

அங்கே அறிவு யாரிடமிருந்து வந்தது? மருத்துவரின் மூளையிலிருந்து மட்டுமா? கையை நீட்டிக்கொண்டு, 'நேற்று இரவு இந்த விரல் நன்றாகத்தான் இருந்தது' என்று சொன்ன நோயாளியிடமிருந்தும் வந்தது. ஊர் விரட்டியவன், கோவில் விரட்டியவன், வீடு விரட்டியவன். அவன் உடல்தான் உலக மருத்துவத்துக்குப் பாடநூலாயிற்று. அங்கே கண்டறிந்தது அவனுக்கே திரும்பியது; மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன, புண்ணாகாத செருப்பு கிடைத்தது. கொடுத்தவனும் பெற்றவனும் ஒரே அறையில் இருந்தார்கள். கணக்கு நேராயிற்று.

எல்லா ஆராய்ச்சியிலும் கணக்கு அத்தனை எளிதில் நேராவதில்லை.

வேலூரில் இராமநாயக்கன்பாளையம், சின்னஅல்லாபுரம், கஸ்பா என்று அடுத்தடுத்து மூன்று பகுதிகள். நெருக்கமான வீடுகள், பீடி சுற்றும் குடும்பங்கள் மிகுதி. 2002ஆம் ஆண்டு கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர், ககன்தீப் காங் முதலானோர், அங்கே பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைத் தொடங்கினர். 452 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். மூன்றாண்டுகள் முழுதும் தொடர்ந்தோர் 373 பேர். களப்பணியாளர் வாரம் இருமுறை வீட்டுக்கு வந்தனர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழந்தையின் மலம் சோதிக்கப்பட்டது; வயிற்றுப்போக்கு வந்தபோதெல்லாம் சோதிக்கப்பட்டது. தேடியது ரோட்டா வைரஸ் என்னும் நுண்ணுயிரியை. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 குழந்தைகளை, ஐந்து வயது நிறையுமுன் கொன்றுவந்ததாகக் கணக்கிடப்பட்ட கிருமி அது.

கண்டது என்ன? இதே போன்ற ஆய்வு மெக்சிகோவில் நடந்து 1996ஆம் ஆண்டு வெளிவந்திருந்தது. இரண்டு முறை இத்தொற்று கண்ட குழந்தைக்குக் கடும் நோய் மீண்டும் வருவதில்லை என்றது அது. உலகம் அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டது. வேலூர்க் குழந்தைகளோ வேறு கதை சொன்னார்கள். ஆறு மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். மீண்டும் மீண்டும் தொற்று வந்தது. மூன்று முறை வந்தபின்னும் கடும் நோயிலிருந்து காப்பு 79 விழுக்காடுதான். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்மிக்க மருத்துவ ஏட்டில் இம்முடிவு வெளியாயிற்று. அயலார் அளந்த கோலால் நம் குழந்தையின் குடலை அளக்கலாகாது என்பது தெளிவாயிற்று.

இப்பாடம் வேலூருக்குப் புதிதன்று. இளம்பிள்ளை வாதத்துக்கு மூன்று முறை சொட்டு மருந்து போதும் என்று மேலைநாடுகள் சொன்னபோது, இங்குள்ள குழந்தைகளுக்கு அது போதவில்லை என்று 1970களிலேயே இதே கல்லூரியின் ஜேக்கப் ஜான் எடுத்துக்காட்டினார். கூடுதல் தவணை வேண்டும், அல்லது ஊசி மருந்து வேண்டும் என்றார். தில்லி அந்த ஊசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்தது 2015ஆம் ஆண்டில்! நாட்டின் கடைசி நோயாளி கண்டறியப்பட்ட 2011ஆம் ஆண்டும் அதற்குள் கடந்துவிட்டது. ஆராய்ச்சியாளர் வேலூரில் பேசியது தில்லிக்குக் கேட்க அத்தனை ஆண்டுகள். பீடி சுற்றும் தாயின் குரல் கேட்க எத்தனை ஆண்டுகளோ!

இனிக் கேளுங்கள், தோழர்களே. அந்த 373 குழந்தைகளின் தாய்மார் செய்தது என்ன? மூன்று ஆண்டுகள், வாரம் இருமுறை, வேலையை நிறுத்திக் கதவைத் திறந்தார்கள். பீடி சுற்றுகிறவருக்கு எண்ணிக்கைதான் கூலி. எழுந்து நின்ற ஒவ்வொரு நிமிடமும் கூலிக்குறைவு. அத்தாய்மார் பொறுமையில்லாமல் ஒரு வரியும் எழுதப்பட்டிருக்க முடியாது. ஏட்டில் ஆசிரியர் பெயர்கள் இருக்கின்றன, இருக்கவேண்டியதுதான். தாய்மாரை இறுதியில் நன்றியோடு குறிப்பிடுவது ஆய்வேடுகளின் மரபு, அதுவும் நல்லதே. ஆனால் நன்றி என்பது கடன் பெற்றவன் சொல்வதா, கொடை அளித்தவன் கேட்பதா?

பல்கலைக்கழகங்கள் மக்களிடையே செய்யும் பணிக்குத் 'தொண்டு' என்று பெயர் சூட்டியிருக்கிறோம். விந்தையான சொல் அது. தொண்டன் என்றால் அடிமை என்று பழைய பொருள். இன்றோ தொண்டு செய்கிறவர் நிமிர்ந்து நிற்கிறார். தொண்டைப் பெறுகிறவர் குனிந்து நிற்கிறார். இலவச மருத்துவ முகாமில் வரிசையில் நிற்கும் நெசவாளி, தன் குழந்தையின் இரத்தத்தால் ஒரு பேராசிரியருக்குப் பட்டம் கிடைத்திருக்கலாம் என்று அறிவாரா? அறிந்தால் அத்தனை குனிவாரா? கடன் கொடுத்தவன், தான் கொடுத்தவன் என்பதையே அறியாதிருக்கும்போது, கடன் அடைந்தது என்று எந்த வணிகனும் கணக்கை மூடமாட்டான்.

நியாயமாகப் பேசவேண்டும். இக்கல்லூரி கணியம்பாடி ஒன்றியத்து ஊர்களில் பல பத்தாண்டுகளாகப் பிறப்பையும் கருவுற்றோரையும் பதிந்து பேணி வருகிறது. 1977ஆம் ஆண்டு கீழ்வைத்தியணான்குப்பத்தில் தொடங்கப்பட்ட ஊரக நலப் பிரிவு மருத்துவத்தோடு தொழிற்பயிற்சியும் தந்திருக்கிறது. எழுதிக்கொண்டு போய்த் திரும்பாதவர்கள் என்று இவர்களைச் சொன்னால் அது பொய். நாம் கேட்பது வேறு. மருந்து திரும்பி வருவது போதுமா? அறிவும் திரும்பி வரவேண்டாமா?

போதும் என்பார் பலர். "எளிய மக்களுக்கு நன்மை கிடைத்தால் சரி, விளக்கம் அவர்களுக்கு எதற்கு? சொன்னாலும் புரியாது" என்பர். இந்த 'புரியாது' என்ற சொல்லை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம், இல்லையா? கருவறைக்கு வெளியே நின்றவனிடம் சொன்ன சொல்லல்லவா அது! மந்திரம் உனக்குப் புரியாது, பலன் மட்டும் உனக்கு வரும், தட்டில் காசு போடு! அதே சொல்லை நுண்ணோக்கி வைத்திருப்பவர் சொன்னால் மட்டும் பகுத்தறிவாகிவிடுமா?

'புரியாது' என்பதன் விலை என்ன என்பதற்கு நம் மாநிலமே சான்று. 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி ஒருவரும், சென்னையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழில் புரிந்த பெண்களிடம் இரத்தம் எடுத்தனர். வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு அது கொண்டுவரப்பட்டது. சோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. எய்ட்சு கிருமி இந்தியாவில் இல்லை என்ற மயக்கம் அன்று உடைந்தது. நாட்டுக்கு விழிப்பூட்டிய கண்டுபிடிப்பு. சுனிதி சாலமன் பின்னர் தம் வாழ்நாளையே அந்நோயாளிகளுக்கு அளித்தார். அவருக்கு நம் வணக்கம். ஆனால் எதற்காக இரத்தம் எடுக்கிறோம் என்று அப்பெண்களிடம் கூறவில்லை என்று அம்மாணவியே பல்லாண்டுகளுக்குப்பின் ஒரு நேர்காணலில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். சொன்னாலும் புரிந்திருக்காது என்பது அன்றைய எண்ணம். அவர் நேர்மையைப் போற்றுவோம். அதே மூச்சில் எண்ணிப்பாருங்கள்: சிறையறையில் இருப்பவள் 'மாட்டேன்' என்று சொல்ல முடியுமா? அந்த ஆறு பேர் என்ன ஆனார்கள்? கண்டறிந்தோரை வரலாறு அறியும். கண்டறியப்பட்டோரை?

கடல் கடந்தும் ஒரு காட்சி. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டஸ்கிகி. கறுப்பின மக்களின் கல்விக்காகவே எழுந்த கல்விக்கூடம் அங்கே இருந்தது. அதன் துணையோடு, 1932ஆம் ஆண்டு அரசு நலத்துறை மேகநோய் கண்ட 399 கறுப்பினத்தாரைப் 'பார்க்க'த் தொடங்கியது. பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது. 1940களில் பென்சிலின் வந்தபின்னும் கொடுக்காமல் பார்த்தது. உங்களுக்குக் 'கெட்ட இரத்தம்' என்று மட்டும் சொல்லிவைத்தது. 1972ஆம் ஆண்டு செய்தித்தாள் அம்பலப்படுத்தியபின்தான் நின்றது. இதில் நம்மை உலுக்குவது ஒன்று: அந்த ஆய்வு இரகசியமன்று! அதன் முடிவுகள் மருத்துவ ஏடுகளில் வெளிவந்துகொண்டே இருந்தன. படித்தவர்கள் எல்லாரும் படித்தார்கள். அந்த 399 பேர் மட்டும் படிக்கவில்லை. வெளியிட்டாயிற்று என்பதாலேயே தெரிவித்தாயிற்று என்றாகிவிடாது. ஆங்கில ஏட்டில் அச்சேறிய வேலூர்க் குழந்தைகளின் கதையும், தமிழில் வந்தால்தான் வேலூருக்கு வெளியானதாகும்.

டஸ்கிகியையும் வேலூரையும் ஒரு தட்டில் வைப்பதாக எவரும் எண்ணவேண்டாம். அங்கே மருந்தை மறைத்தார்கள். இங்கே மருந்தைத் தேடினார்கள். ஆனால் தேடியபோதும் ஒரு முள் இருந்தது. அதைச் சொல்லாமல் போவது நேர்மையன்று.

தில்லியில் பச்சிளங்குழந்தை ஒன்றிடம் 1980களில் கண்ட ரோட்டா வைரஸ் வகையிலிருந்து இந்தியத் தடுப்பு மருந்து உருவாயிற்று. 2011ஆம் ஆண்டு முதல் தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டது. 4,532 குழந்தைகளுக்கு மருந்து. 2,267 குழந்தைகளுக்கு மருந்தில்லாத போலிச் சொட்டு. எது எவருக்கு என்று கொடுப்பவரும் அறியார், பெறுபவரும் அறியார். பெற்றோரிடம் எழுத்துவழி ஒப்புதல் பெற்றார்கள். நோயுற்ற குழந்தைகளைக் கவனித்தார்கள். கடும் நோயைப் பாதிக்குச் சற்று மேல் அம்மருந்து தடுத்தது. ஒரு தவணை ஒரு டாலர் அளவில் தரக்கூடிய மருந்து; 2016ஆம் ஆண்டு நான்கு மாநிலங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் ரோட்டா தடுப்பு மருந்து குழந்தைகளுக்கு இலவசமாயிற்று. எண்ணற்ற வீடுகளில் அழுகை தவிர்ந்தது.

முள் எங்கே? சோதனை தொடங்கியபோது, அயல்நாட்டு ரோட்டா மருந்துகள் இரண்டு ஏற்கெனவே இருந்தன. இந்தியக் கடைகளிலும் விற்றன. 2009ஆம் ஆண்டே உலக சுகாதார நிறுவனம் அவற்றை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்திருந்தது. அப்படியிருக்க 2,267 குழந்தைகளுக்கு வெறுஞ்சொட்டு ஏன் என்று கேட்டனர் சிலர். விடையாக வந்த வாதங்களில் வலுவானவை உண்டு. அயல்நாட்டு மருந்துகள் ஏழை நாடுகளில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. வெறுஞ்சொட்டோடு ஒப்பிட்டால்தான் புதிய மருந்தின் உண்மை வலிமை விரைவில் தெரியும். தாமதித்தால் சாவு நிற்காது. இவற்றை நாம் ஏற்கிறோம். அச்சோதனை நடந்திருக்கக்கூடாது என்று சொல்லும் துணிவு நமக்கில்லை. 78,000 என்ற எண் நம் வாயை அடைக்கிறது.

நாம் ஏற்க மறுப்பது வேறொரு வாதம். "சோதனையில் சேராவிட்டாலும் அந்தக் குழந்தைக்கு மருந்து கிடைத்திராது; ஆகவே நாம் எதையும் பறிக்கவில்லை" என்கிறார்களே, அதை. கிடைத்திராது—உண்மை. ஏன் கிடைத்திராது? வானமா விதித்தது? கடையில் இருந்தது, விலை எட்டவில்லை. அரசுத் திட்டத்தில் வைக்கலாம், வைக்கவில்லை. பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவிடாமல் ஒருவனைத் தடுத்துவிட்டு, 'இவன் எப்படியும் தாகத்தோடு இருப்பவன்தானே, இன்னும் ஒருநாள் தாகத்தை அளந்து பார்ப்போம்' என்று சொல்வதை ஒப்புவோமா? தாகத்தை அளக்கிறவன் கிணற்றை மூடியவனல்லன்; அது சரி. ஆனால் மூடிய கிணற்றை இயற்கை என்று அவன் எழுதிக்கொள்ளும் அந்தக் கணத்தில், மூடியவனுக்குச் சாட்சியாகிவிடுகிறான். ஆய்வாளர் ஏழ்மையைப் படைக்கவில்லை. அதைத் தம் கணக்கின் தொடக்கப் புள்ளியாக எழுதும்போது, அது மனிதர் செய்த அநீதி என்றும் பக்கத்தில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறார்.

இந்த வாதத்தை ஆய்வாளர் கூட்டத்தில் பேசலாம், நீதிமன்றத்தில் பேசலாம். பேசவேண்டிய முதல் இடம் அந்த வீட்டுத் திண்ணை. "உன் குழந்தைக்கு மருந்தும் கிடைக்கலாம், வெறுஞ்சொட்டும் கிடைக்கலாம், வேறு மருந்து கடையில் உண்டு, அதன் விலை இது, இவ்வளவும் அறிந்து நீ இசைகிறாயா?" என்று தாய்மொழியில், அவசரமில்லாமல், தாய் திருப்பிக் கேட்கும் கேள்விக்கும் இடம் விட்டுக் கேட்பதே ஒப்புதல். பல பக்கத் தாளின் அடியில் ஒரு கைநாட்டு, சட்டத்துக்குப் போதும், தன்மானத்துக்குப் போதாது.

'புரியாது' என்போருக்கு ஆசிரியர் என்ற முறையில் ஒரு சொல். அடுத்த வாரம் நாம் அதே வகுப்பில் இந்த ரோட்டா ஆய்வைக் கதையாகச் சொன்னோம். இரு குடம் படம் போட்டோம். ஒன்றில் மருந்து, மற்றொன்றில் வெறும் நீர். ஐந்து நிமிடத்தில் கடைசி வரிசை மாணவன் கேட்டான்: "வெறும் தண்ணி கிடைச்ச பாப்பாவுக்கு அப்புறமா மருந்து குடுத்தாங்களா சார்?" பேரறிஞர் கூடிப் பேசிய அறச்சிக்கலின் நடு முடிச்சு அது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எட்டியது.

பிறகு எல்லாருமாகச் சேர்ந்து, வீட்டுக்கு எழுத வருகிறவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினோம். யார் அனுப்பினார்கள்? எதற்காக? எங்கள் பெயர் வெளியே போகுமா? வேண்டாம் என்றால் விட்டுவிடுவீர்களா? கண்டுபிடித்ததை வந்து சொல்வீர்களா, தமிழில்? சிறுவர்கள் ஆவலோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். முதல்நாள் பேசிய சிறுமி மட்டும் எழுதுகோலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இதெல்லாம் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா சார்?"

மாட்டார்கள் என்று சொன்னோம். அவள் நம்பாத முகத்தோடு எழுதத் தொடங்கினாள்.